மலிவான சாதனம் எந்த இடத்தில் கைவிடும்? – வாசகர் கேள்வி பதில்

துப்பாக்கி சுடுவோர் பயன்படுத்தும் டாக்டிகல் சாதனங்களைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி ஒரே கவலையைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன: குறைந்த விலையில் கிடைக்கும் உறை, பை, பெல்ட், கண்ணாடி, ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) முதலியவற்றை நம்பி வாங்கலாமா, வாங்கினால் எத்தனை நாள் உழைக்கும்? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருள் பழுதானால் நமக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் விலைச் சீட்டைப் பார்க்க வேண்டும். தையல் விட்டால் ஊசியெடுத்துத் தைத்துக்கொள்ளக்கூடிய பொருளில் சிக்கனம் பார்ப்பது நியாயமே. பழுதானால் கண்ணோ காதோ தொடையோ பலியாகும் பொருளில் அதே சிக்கனம் செல்லாது. கீழேயுள்ள பதில்கள் எல்லாம் இந்த அளவுகோலை வைத்து எழுதியவை.

கேள்வி: குறைந்த விலையில் நான் பார்த்த ஒரு வெஸ்டின் (பைகள் மாட்டும் மேலுடுப்பின்) சீட்டில் ‘1000 டெனியர்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. அதைப்போல இரண்டு மடங்கு விலையுள்ள இன்னொன்றில் ‘500 டெனியர்’ என்றுதான் இருக்கிறது. எண் பெரிதாக இருப்பதுதானே உறுதியானது?

பதில்: டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு, தரத்தைச் சொல்லும் அளவு அன்று. 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே அதன் டெனியர். ஆகவே, 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சீட்டு உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. அது எந்த நூல் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

நல்ல சாதனங்களில் நைலான் 6,6 இழையை, அதிலும் இழுவிசையை அதிகம் தாங்கும்படி செய்த வகையைப் பயன்படுத்துகிறார்கள். கார்டுரா என்ற வணிகப் பெயரில் 500, 1000 டெனியர்களில் இந்தத் துறைக்கு வருவது பெரும்பாலும் இதுதான். மலிவுச் சரக்கிலோ 600 டெனியர் பாலியஸ்டர் மிகுதி. தடிமன் ஒன்றாக இருந்தாலும் உராய்வைத் தாங்குவதில் நைலான் முந்திவிடும். சரளைக்கல் தரையில் மண்டியிட்டும் குப்புறப் படுத்தும் சுடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சில மாதங்களில் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதற்காகப் பாலியஸ்டரை அடியோடு ஒதுக்கவும் வேண்டியதில்லை. வெயிலைத் தாங்குவதில் அது நைலானுக்கு ஒரு படி மேல்; ஈரத்தை அது உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். நைலான் அப்படியல்ல, காற்றிலுள்ள ஈரத்தையே தன் எடையில் சுமார் 4 சதவீதம் வரை வாங்கிக்கொள்ளும், நனைந்தால் சற்றுத் தொய்யும். நீங்கள் பார்த்த 500 டெனியர் வெஸ்ட் உண்மையிலேயே நல்ல நைலானில் தைத்தது என்றால், எடையும் குறைவு, உடம்போடு வளைந்தும் கொடுக்கும், பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தேவையும் இருக்காது.

என்ன துணி என்று சந்தேகம் வந்தால், உட்புறத் தையல் விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டிப் பாருங்கள். பாலியஸ்டர் கரும்புகை விட்டு, சற்றே இனித்த நெடியுடன் எரிந்து, கெட்டியான மணியாக உருளும். நைலான் உருகிச் சொட்டும், புகை வெளுத்திருக்கும். மணியின் நிறத்தை வைத்து அடையாளம் காணலாம் என்று சிலர் சொல்வார்கள். கருப்புச் சாயம் ஏற்றிய துணியில் அது ஏமாற்றிவிடும்.

துணியைவிட முன்னதாகக் கெட்டுப்போவது அதன் உட்புறப் பூச்சு. தண்ணீர் இறங்காமல் இருப்பதற்காகவும், வெட்டிய ஓரம் பிரியாமல் இருப்பதற்காகவும் துணியின் பின்பக்கம் பாலியூரித்தேன் பூசுகிறார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் மட்டமான பூச்சு நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். வாங்குவதற்கு முன் பையை உள்வெளியாகப் புரட்டி, கட்டைவிரலால் ஒரே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூளோ சுருள் சுருளாக அழுக்கு போன்ற ஒன்றோ விரலோடு வந்தால், அந்தப் பை ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் அதிகம்.

கேள்வி: என்னுடைய பெல்ட்டில் மாட்டியிருந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) பையின் துணி புதிதுபோல இருக்கிறது, ஆனால் பை கழன்று கையோடு வந்துவிட்டது. வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியும். விலை மலிந்த சாதனங்கள் துணியில் கிழிவது அரிது, இணைப்பில்தான் விடும். எனவே, துணியைத் தடவிப் பார்த்துப் பாராட்டுவதை விட்டுவிட்டு, இரண்டு பொருள்கள் சேரும் ஒவ்வொரு இடத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மோலி முறையில் பை மாட்டும் வெஸ்டுகளிலும் பெல்ட்டுகளிலும் 25 மில்லிமீட்டர் அகல நாடாக்களை வரிசையாக, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் அதே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வைத்து, ஒவ்வொரு நாடாவையும் 38 மில்லிமீட்டருக்கு ஒருமுறை குறுக்கே தைத்திருப்பார்கள். அந்தக் குறுக்குத் தையல்தான் முழுச் சுமையையும் தாங்குகிறது. முறையாகச் செய்தால் அது பார்டேக் எனப்படும் பூட்டுத் தையலாக இருக்க வேண்டும். அதாவது ஊசி ஒரு குறுகிய கோட்டில் நெருக்கமாக இட வலமாக ஓடி, ஒரு சிறிய கட்டிபோலத் திரண்டு நிற்க வேண்டும். அதற்குத் தனி இயந்திரமும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நிறுத்தமும் தேவைப்படுவதால் நேரம் செலவாகிறது, கூலி கூடுகிறது. மலிவாகத் தைப்பவர் சாதாரணத் தையலையே முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நகத்தால் நெருடினால் பூட்டுத் தையல் மேடாகத் தட்டுப்படும், மற்றது நூலாகவே தட்டுப்படும்.

இந்த இடைவெளிகளில் தவறு இருந்தாலும் தலைவலிதான். நாடாக்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நெருங்கியோ விலகியோ இருந்தால், வேறு நிறுவனத்தின் பையை அதில் கோக்கும்போது ஒன்று நுழையாது, இல்லாவிட்டால் தொளதொளவென்று ஆடும். ஆடும் பை ஒவ்வோர் அடிக்கும் தன் தையலைத் தானே அறுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது நூல். கனமான சாதனங்களுக்குப் பிசின் ஏற்றிப் பிணைத்த நைலான் நூல் வேண்டும். மெழுகு தடவியதுபோல வழவழப்பாக, இழைகள் பிரியாமல் இருக்கும். நுனியைப் பிடித்து முறுக்கவிழ்த்துப் பார்த்தால் பஞ்சுபோல விரிகிற நூல் சட்டைக்கு ஏற்றது, தோட்டாச் சுமைக்கு ஏற்றது அன்று. தையலின் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே சிறு சிறு வளையங்கள் தொங்கினால் இயந்திரத்தில் மேல் நூலின் இழுப்பு சரியாக இல்லை என்று பொருள். அந்தத் தையலில் ஓர் இடம் அறுந்தால் நீளமாக உருவிக்கொண்டு வந்துவிடும். தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பலம் என்று நினைப்பவர்களும் உண்டு. அளவுக்கு மீறி நெருக்கமாகக் குத்தினால் தபால்தலைத் தாளின் ஓரத்தில் துளையிட்டதுபோல ஆகி, துணி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

நான் பழுது பார்த்த ஒரு பையைச் சொல்கிறேன். அது என்னுடையதுதான், விலை குறைவு என்று வாங்கியது. மூன்றாவது பயிற்சி நாளிலேயே மேல் ஓரம் தளர்ந்தது. பிரித்துப் பார்த்தபோது, மடித்துத் தைக்க விட வேண்டிய துணி ஓரம் ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மில்லிமீட்டர்தான் இருந்தது. நூல் அறுந்திருக்கவில்லை. துணியின் இழைகள்தான் தையலிலிருந்து நழுவி வெளியே வந்திருந்தன. துணி வெட்டுகிறவர் ஒரு சுருளில் நான்கு பை கூடுதலாக எடுத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஓரத்தைச் சூடான கத்தியால் உருக்கி, நாடா வைத்து மூடி, தடித்த நைலான் நூலில் கையால் பின்தையல் போட்டேன். அந்தப் பை இன்றும் என் பெல்ட்டில் இருக்கிறது. இப்படிச் செய்ய உங்களுக்குப் பொறுமை உண்டென்றால் மலிவுப் பை உங்களுக்கு நல்ல பேரம். புதிதாக வாங்கிய அன்றே சுமை விழும் நான்கு மூலைகளையும் ஒருமுறை கையால் தைத்துவிடுங்கள்.

கேள்வி: பக்கிளும் ஜிப்பும் ஆண்டுக்கு ஒருமுறையாவது உடைகின்றன. இதற்கு வழி உண்டா?

பதில்: நல்ல பிளாஸ்டிக் பக்கிள்களை அசிட்டால் அல்லது நைலானில் வார்க்கிறார்கள், அவற்றின் பின்புறத்தில் தயாரிப்பாளரின் பெயர் தெளிவாகப் பதிந்திருக்கும். பெயரே இல்லாத, ஓரத்தில் வார்ப்புப் பிசிறு நிற்கிற பக்கிள் கடுங்குளிரில் பிளக்கும். உடையாத பக்கிளைத் தேடுவதைவிட, உடைந்தால் தையலைப் பிரிக்காமலே மாற்றிக்கொள்ளும்படி பட்டையில் கோத்திருக்கிற சாதனத்தைத் தேடுவது மேல். ஜிப்பில் பற்களைக் குறை சொல்லாதீர்கள். தேய்வது பெரும்பாலும் ஓடும் தலைதான். அதன் இரு பக்கங்களையும் குறடால் மெல்ல நெருக்கினால் இன்னும் சில மாதம் ஓடும். தலையை மட்டும் மாற்றினால் பல ஆண்டுகள் ஓடும். வெல்க்ரோ பிடிக்கவில்லை என்றால் கொக்கிப் பக்கத்தில் சேர்ந்த நூல் குப்பையை நெருக்கமான சீப்பால் வாரி எடுங்கள்.

கேள்வி: ‘எல்லாக் கைத்துப்பாக்கிகளுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் துணி ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) ஒன்றைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பயிற்சிக்குப் போதும்தானே?

பதில்: போதாது. பயிற்சியில்தான் நீங்கள் துப்பாக்கியை நூற்றுக்கணக்கான முறை எடுத்து, அத்தனை முறையும் திரும்ப உள்ளே வைக்கிறீர்கள். விபத்து நேர்வது பெரும்பாலும் திரும்ப வைக்கும் அந்தக் கணத்தில்தான்.

ஹோல்ஸ்டர் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று: விசையை முழுவதும் மூடி நிற்பது, துப்பாக்கி தானாக நழுவாமல் பிடித்துக்கொள்வது, துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே இருப்பது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் துணி உறை இந்த மூன்றில் ஒன்றையும் உருப்படியாகச் செய்வதில்லை. துப்பாக்கி வெளியே வந்ததும் அதன் வாய் சப்பையாக மூடிக்கொள்ளும். மறுபடி வைப்பதற்கு இடது கையால் அதை விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது உங்கள் விரல்கள் குழல் வாய்க்கு எதிரே இருக்கும். துணி நைந்து ஓர் ஓரம் உள்ளே மடிந்தால், அந்த மடிப்பு விசைக் காப்புக்குள் புகுந்து விரலின் வேலையைச் செய்துவிடும். நைந்த தோல் உறைகளிலும் இதே விபத்து நேர்ந்திருக்கிறது.

இங்கே நான் அதிக விலைக்கும் பரிந்து பேசவில்லை. உங்கள் துப்பாக்கியின் மாதிரிக்கென்றே அச்சில் வார்த்த, கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. தகட்டின் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். வாங்கியதும், துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அதை உறையில் வைத்து, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், விழக் கூடாது. பிறகு உறையின் வெளியிலிருந்து விசைப் பகுதியைப் பென்சிலால் குத்திப் பாருங்கள். எந்தத் திசையிலிருந்தும் பென்சில் முனை விசையைத் தொடக் கூடாது. பெல்ட்டில் மாட்டும் கொக்கியின் திருகுகள் மலிவு உறைகளில் ஒரே வாரத்தில் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். கழற்றி, நீல நிறத் திருகுப் பூட்டுத் திரவம் ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தின் முகப்புப் பலகையில் இந்த வகை உறையை வைக்காதீர்கள். சூட்டில் வடிவம் மாறினால் பிடிப்பும் மாறிவிடும்.

கேள்வி: குறைந்த விலை ரெட் டாட் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு வாரமும் குறி சரிசெய்ய வேண்டியிருக்கிறது. சாதனத்தை மாற்ற வேண்டியதுதானா?

பதில்: மாற்ற வேண்டியிருக்கலாம். அதற்கு முன் குற்றவாளி யார் என்று பாருங்கள். பாதி வழக்குகளில் ரெட் டாட் நிரபராதி, அதன் அடிப் பிடிதான் குற்றவாளி.

1995-இல் எம்ஐஎல்-எஸ்டிடி-1913 என்ற தரத்தில் வரையறுத்த பிகட்டினி ரெயிலில் (துப்பாக்கியின் மேல் சாதனங்களை மாட்டும் பள்ளமிட்ட பட்டையில்) குறுக்குப் பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர். பிடியின் குறுக்குக் கட்டை இந்தப் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். மலிவுப் பிடிகளில் கட்டை மெலிந்திருக்கும்; துப்பாக்கி உதைக்கும்போதெல்லாம் பிடி முன்னும் பின்னும் இடித்து நகரும். எனவே, பிடியை மாட்டும்போது குழல் வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருகை முடுக்குங்கள். முடுக்கிய பின் திருகின் தலையிலிருந்து பிடியின் மேல் படும்படி வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். பிடியிலிருந்து ரெயில் மேல் இன்னொரு கோடு. ஐம்பது குண்டு சுட்ட பிறகு கோடுகள் முறியாமல் நேராக நிற்கின்றன, குறி மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால் பழி ரெட் டாட்டின் உள்ளே இருக்கிறது. கோடு முறிந்திருந்தால், நீங்கள் மாற்ற வேண்டியது பிடியை மட்டுமே.

உள்ளே பழுதா என்பதற்கும் சோதனை உண்டு. சாய்மானத்தில் துப்பாக்கியை அசையாமல் வைத்து ஒரு குழுவாகச் சில குண்டுகள் சுடுங்கள். பிறகு குறி திருத்தும் திருகுகளை வலப்பக்கம் 20 கிளிக், மேலே 20, இடப்பக்கம் 20, கீழே 20 என்று சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்புங்கள். இலக்குத் தாளில் ஒரு சதுரம் விழ வேண்டும். கடைசிக் குழு முதல் குழுவின் மேலேயே உட்கார வேண்டும். ஒரு எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். 50 மீட்டரில் அதில் பாதி. உங்கள் சாதனத்தில் ஒரு கிளிக் ஒரு எம்ஓஏ என்று எழுதியிருந்தால், 50 மீட்டரில் 20 கிளிக்குக்கு 29 சென்டிமீட்டர் நகர வேண்டும். அளவுகோலை வைத்து அளந்துவிடுங்கள். கிளிக் அளவு சற்றுக் கூடக் குறைய இருப்பதை மன்னிக்கலாம், ஒருமுறை குறி பார்த்து வைத்துவிட்டால் மறுபடி தொடப்போவதில்லை. திரும்பி வராததை மன்னிக்க முடியாது.

ஏர்சாஃப்ட் விளையாட்டுக்கென்று செய்த நகல்கள், பிரபல சாதனங்களின் உருவத்தில் அப்படியே விற்பனைக்கு வருகின்றன. விளையாட்டுத் துப்பாக்கியில் உதை என்பது பெயரளவுக்குத்தான். அதையே மெய்யான ரைஃபிளில் மாட்டினால் சில நூறு குண்டுகளுக்குள் மின்கலத் தொடர்பு தளர்ந்து புள்ளி விட்டு விட்டு எரியும், அல்லது கண்ணாடியை ஒட்டிய பசை விடும். தண்ணீர்த் தாங்குதிறனைச் சொல்லும்போது ‘ஐபிஎக்ஸ்7’ என்று குறித்திருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்று பொருள். ‘வாட்டர்புரூஃப்’ என்ற வெறும் சொல்லுக்கு அளவு எதுவும் கிடையாது. நியாயமான மலிவு ரெட் டாட்டுகள் இன்று இருக்கின்றன, .22 ரைஃபிளுக்கும் தாள் இலக்குக்கும் தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம்.

கேள்வி: கண்ணாடியும் காது மூடியும் பாதுகாப்புச் சாதனங்கள் என்பதால் விலை கூடியவற்றையே வாங்க வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். அது சரியா?

பதில்: கண்ணாடியைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது பாதிதான் சரி. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் மலிவான பொருள். அதனால் செய்த குறைந்த விலைக் கண்ணாடியும் தேவையான அடியைத் தாங்கும், சட்டத்திலும் ஆடியிலும் தரக்குறி பதிந்திருந்தால். அமெரிக்கத் தரத்தில் ‘இசட்87+’ என்ற குறி இருந்தால், 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் அடித்தும் ஆடி உடையவில்லை என்று பொருள். ‘+’ இல்லாத வெறும் ‘இசட்87’ அந்த வேகச் சோதனைக்கு உட்படாதது. கடையில் பலர் கவனிக்காமல் விடுவது இந்த ஒரு குறியைத்தான். ஐரோப்பிய இஎன் 166 தரத்தில் ‘எஃப்’ என்ற எழுத்து ஏறத்தாழ இதே வேகத்தைக் குறிக்கும். இராணுவத் தரம் இன்னும் கடுமையானது. அதில் சிறு எறிபொருள் நொடிக்கு 195 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் வந்து மோதும். எஃகு இலக்குகளைச் சுடுகிறவர்கள் அந்தத் தரத்துக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு. மற்றவர்கள் கூடுதல் விலை கொடுத்துப் பெறுவது கீறல் தாங்கும் பூச்சு, ஆவி படியாத பூச்சு, நெளிவில்லாத பார்வை ஆகியவற்றையே. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: துப்பாக்கி துடைக்கும் கரைப்பான் பட்ட துணியால் ஆடியைத் துடைத்தால் பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்புகள் விழும், அதற்குப் பிறகு அதன் மேல் உள்ள தரக்குறிக்கு மதிப்பில்லை.

காது மூடியில் நிலைமை வேறு. துப்பாக்கி வெடிப்பின் உச்ச ஒலி பெரும்பாலும் 140 முதல் 170 டெசிபெல் வரை இருக்கிறது. 140-ஐத் தாண்டிய ஒரே வெடிப்புகூட நிரந்தரக் கேடு செய்யக்கூடும். பெட்டியின் மேல் இருக்கும் என்ஆர்ஆர் (ஒலிக் குறைப்பு) எண் ஆய்வகத்தில் பொருத்தமாக மாட்டி அளந்தது. உங்கள் தலையில் அது கிடைப்பதில்லை, கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் இன்னும் குறையும். மலிவு மூடிகளில் அந்த மெத்தைதான் முதலில் கெடுகிறது. வியர்வையில் ஊறி, விறைத்து, வெடிக்கிறது. மாற்று மெத்தை கிடைக்காத மூடியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மின்னணு மூடி வாங்கப் பணம் போதாவிட்டால், சாதாரண மூடியையும் அதன் அடியில் நுரை அடைப்பானையும் சேர்த்து அணியலாம். இரண்டின் எண்களையும் கூட்டிக் கணக்குப் போடக் கூடாது. அதிகமாக உள்ள எண்ணோடு சுமார் 5 டெசிபெல்தான் சேரும். அந்த 5 டெசிபெல் மூடிய அரங்கில் மிகப் பெரிய உதவி.

கேள்வி: குண்டு தாங்கும் தகடுகளும் இப்போது மிகக் குறைந்த விலையில் விற்கின்றன. எஃகுத் தகடு என்றால் ஆயுளுக்கும் உழைக்கும் என்கிறார்களே?

பதில்: எஃகு உழைக்கும்; அணிந்தவர் உழைப்பாரா என்பதுதான் ஐயம். எஃகில் மோதிய குண்டு சிதறி, தகட்டின் முகத்தோடு வழிந்து நாலா பக்கமும் பறக்கும். தாடைக்கும் மேல் கைக்கும் அது நேர் பாதை. அதைத் தடுக்க மேலே பூசும் தடித்த பூச்சு சில குண்டுகளுக்கு மேல் நிற்பதில்லை. பீங்கான் தகடு குண்டை நொறுக்கித் தடுக்கும், ஆனால் கை தவறிக் கீழே விழுந்தால் உள்ளே கீறல் விழக்கூடும், வெளியே தெரியாது. பாலிஎத்திலீன் தகடு எடை குறைவு, ஆனால் கடும் வெப்பம் அதற்கு ஆகாது.

விளம்பரத்தில் ‘என்ஐஜே தரப்படி சோதித்தது’ என்றிருந்தால் அது விற்பவரின் வாக்கு. அமெரிக்க நீதித்துறையின் கீழுள்ள என்ஐஜே (தேசிய நீதி நிறுவனம்) தானே வெளியிடும் பட்டியலில் அந்த மாதிரியின் பெயர் இருந்தால்தான் அது சான்று. 2008-இல் வந்த 0101.06 தரத்துக்கு அடுத்ததாக 0101.07 தரம் 2023-இல் வெளியாயிற்று. அதில் தகடுகளுக்கான நிலைகள் ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3 என்று பெயர் மாறியிருப்பதால் பழைய பெயர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய உடுப்புகளை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் சைலான் என்ற இழையின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. எஃகைவிடப் பன்மடங்கு உறுதி என்று கொண்டாடப்பட்ட அந்த இழை, ஈரமும் வெளிச்சமும் பட்டு எதிர்பார்த்ததைவிட வேகமாக வலுவிழப்பது தெரிந்து, 2005-இல் சைலான் கலந்த உடுப்புகளுக்கு என்ஐஜே தன் ஒப்புதலை விலக்கிக்கொண்டது. பார்வைக்கு அந்த உடுப்புகள் புதிதுபோலத்தான் இருந்தன.

தாள் இலக்கைச் சுடப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தகடு தேவை என்பது வேறு கேள்வி. சுமை தூக்கிப் பழகத்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே விற்கும் பயிற்சி எடைத் தகட்டை வாங்கி, ‘இது குண்டு தாங்காது’ என்று இரண்டு பக்கமும் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: முதலுதவிப் பையில் வைக்கும் டூர்னிகெட் (இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை), பெரிய நிறுவனத்தின் உருவத்திலேயே நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது. இரத்தம் பீறிடும் கையையோ காலையோ இறுக்குவதற்கு அந்தப் பட்டையிலுள்ள குச்சியை முறுக்க வேண்டும். போலிகளில் அந்தக் குச்சி வளைந்து கொடுக்கும் அல்லது முறியும். அசலைப் போலவே எழுத்தும் பெட்டியும் அச்சிட்ட போலிகள் உலவுவதால், தயாரிப்பாளரிடமோ அவர் பெயர் சொல்லும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பழகுவதற்கு ஒன்று, பையில் வைப்பதற்கு ஒன்று என இரண்டு வேண்டும். நூறு முறை முறுக்கிப் பழகியதைப் பையில் வைக்காதீர்கள். வெஸ்டின் வெளிப்பக்கம் மாதக்கணக்கில் வெயில் படும்படி தொங்கவிட்டதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புதிய மலிவுச் சரக்கா, பழைய இராணுவ உபரிச் சரக்கா? இரண்டும் ஒரே விலையில் இருந்தால் எதை எடுப்பது?

பதில்: பைகளிலும் பெல்ட்டுகளிலும் நான் உபரிச் சரக்கையே எடுப்பேன். கொள்முதல் விதிக்குக் கட்டுப்பட்டுத் தைத்த பொருளில் மேலே சொன்ன பூட்டுத் தையலும் ஓர மடிப்பும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். பார்க்க வேண்டியவை வேறு: மடிப்பின் உள்ளே இருக்கும் நிறத்தோடு வெளி நிறத்தை ஒப்பிட்டு மிகவும் வெளிறியிருந்தால் வெயில் தின்றிருக்கிறது என்று விட்டுவிடுங்கள், எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் உள்ளே ரப்பர் நொறுங்கும் சத்தம் கேட்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். ப்ளீச்சும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டாம், உட்பூச்சு போய்விடும். காய்ந்த பிறகு மேகசின்களை நிரப்பாமல் மாட்டி, ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து நடந்து பாருங்கள். எந்த மூலை ஆடுகிறதோ அங்கே ஊசியைப் போடுங்கள்.